ஊமைப் பாதியில் ஊக்கு மாட்டினவள்

ஒத்திகைக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து ராஜா உடுப்புக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கொக்கி தைத்து முடிந்ததும் ஊசியை முந்தானையில் குத்திவிட்டு நாலு வரி எழுதுவேன். பிறகு மறுபடியும் ஊசி. நாடகக்காரர்களுக்கு உடுப்பு மாட்டிவிடுகிற தொழிலில் எந்தக் காரியத்தையும் முழுசாக உட்கார்ந்து செய்ய முடியாது. இடுப்பில் பிள்ளையோடு வேலைக்குப் போகிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாடகத்தைச் சொல்லிவிடுகிறேன். சினிமா ஊமையாக இருந்த காலத்தில், திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று கதை சொல்வாராம். "இப்போது ராஜா கோபமாக வருகிறார், ராணி பயந்து ஓடுகிறாள்" என்று. பேசும்படம் வந்துவிடுகிறது. ஆனாலும் அந்த ஆள் வேலையை விடமாட்டேன் என்கிறார். படம் பேசுவதற்கு மேலே இவரும் பேசிக்கொண்டே இருக்கிறார். அதுதான் கதை. முழுக்கச் சிரிப்பு.

இதில் முதல் பாதி ஊமைப்படம். நடிக்கிறவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். நடுவில் கதை சொல்லுகிறவர் சோடா குடிக்க ஓரமாகப் போய்விடுவார். அப்போது மேடையிலும் சத்தம் கிடையாது, உள்ளேயும் சத்தம் கிடையாது. ஊசி கீழே விழக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. அந்த அமைதி கெட்டால் சிரிப்பும் போச்சு.

பேசாத ஆள் தேவை

நான் தச்சநல்லூரில் வீட்டில் இருந்தபடியே சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரவிக்கை பிடித்துத் தைக்க வந்தவர்தான் வசந்தா அக்கா. ஏரல்காரர், கொடை என்கிற கோயில் திருவிழாக்களில் நாடகம் நடித்தே வளர்ந்தவர். வந்தது முதல் போகும்வரை அவர்தான் பேசினார், நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்குக் கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சம். மறுநாள் வந்து, "ஏட்டி, உனக்குன்னே ஒரு வேலை இருக்கு" என்று கையைப் பிடித்து ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாடகத்தை எழுதி நடத்துகிற சார் பகலில் ஆபீஸ் வேலை பார்க்கிறவர். அவர் என் பேரைக் கேட்டதற்கு நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இவ பேச மாட்டா சார்" என்று அக்கா சொன்னதும் சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பேசாமல் இருப்பதற்கென்றே ஒரு இடத்தில் ஆள் தேடுகிறார்கள் என்றால் நான் விடுவேனா? அன்றைக்கே மனசில் முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் இடுப்பில் என் மகள் இசக்கி இருந்தாளே. நடக்கப் பழகி இருந்தாள், பேச்சு வரவில்லை. மாமியார் பீடி சுற்றுகிறார், புகையிலைத் தூளுக்கு நடுவில் பிள்ளையை விட எனக்கு மனசு வராது. வீட்டுக்காரர் லோடு ஆட்டோவோடு போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வேலையையும் விட முடியாது, பிள்ளையையும் விட முடியாது. சார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ வாம்மா, பிள்ளையும் வரட்டும். ஆனா பிள்ளை சத்தம் ஒரு தடவை மேடையில கேட்டாலும், அன்னைக்கே ரெண்டு பேரும் வீட்டுக்கு."

ஒட்டுப்பட்டை

ராஜாவாக வருகிற பால்துரை அண்ணன் வாழைத்தார் வியாபாரி. ஆள் நல்ல கனம். ஊமைப்படத்துக்குள்ளேயே அவர் ராஜாவாக உள்ளே போய்ப் பிச்சைக்காரனாக வெளியே வர வேண்டும். இருட்டில், வாயே திறக்காமல் நான் மாற்றிவிட வேண்டும். முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் மூச்சை உள்ளே இழுக்கணும், இரண்டு தட்டினால் கையைத் தூக்கணும். இப்படித்தான் எங்கள் பேச்சு. கொக்கி கழற்ற நேரம் ஆகிறதே என்று, பை மூடிகளில் வைக்கிற, அமுக்கினால் ஒட்டி இழுத்தால் பிய்கிற ஒட்டுப்பட்டையை வாங்கி ராஜா உடுப்பு முழுக்க வைத்துத் தைத்துவிட்டேன். ஒத்திகையில் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தோம், ஒரு நொடியில் கழன்றது. தலைக்கு மேல் காற்றாடி இரைந்த இரைச்சலில் வேறு எதுவும் எங்கள் காதில் விழவில்லை.

ஏரலில் மேடை. கதை சொல்லுகிறவர் சோடாவுக்குப் போய்விட்டார். கொட்டகை அப்படியே அடங்கிக் கிடக்கிறது. நான் ராஜா முதுகில் பட்டையைப் பிய்த்தேன். 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஆனால் பாதியில் விட முடியுமா? இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று எல்லாவற்றையும் பிய்த்துத்தான் பால்துரை அண்ணனை வெளியே தள்ளினேன். அவர் பிச்சைக்காரனாகப் போய் நின்றதும் முன் வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே, வாய்ப் பேச்சு கிடையாதுன்னாவ, இவன் மத்த வழியால பேசுதாம்லே!"

மொட்டைக் கால்

அன்றைக்குப் பிறகு நான் சத்தத்தை வேட்டையாட ஆரம்பித்துவிட்டேன். பட்டையை எல்லாம் பிரித்துப் போட்டேன், கொக்கியில் நூல் சுற்றினேன். என் வளையலைக் கழற்றி வைத்தேன். இசக்கி கால் கொலுசையும் கழற்றினேன். உடுப்புப் பெட்டியில் பழைய சால்வைகளை மெத்தையாகப் போட்டு அவளுக்கு இடம் பண்ணினேன். சோடா காட்சி வரும் முன்னே கையில் ஒரு ரஸ்க். அது கரைந்து முடிவதற்குள் காட்சி முடிந்துவிடும். வேலை நிலைக்கணுமே, எனக்கு வேறு வழி இல்லை. ஆனால் பிள்ளை வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்து வந்ததைப் பார்த்து மாமியார் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். "அங்கன ஊமை வேசம் உனக்கா, என் பேத்தி காலுக்கா?"

சேலைக்குள் கவர்

இரண்டாம் பாதியில் எல்லாம் தலைகீழ். அங்கே சத்தம் வேண்டும். பேசும்படம் பிடிக்கிற காட்சியில் கதாநாயகியின் சேலை சரசரப்பு மைக்கில் விழுந்து வசனத்தையே அமுக்கிவிடும், சவுண்டுக்காரன் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் கதாநாயகியாக வருகிற வசந்தா அக்கா நடந்தால் சேலை மூச்சே விடவில்லை. கஞ்சி போட்டுப் பார்த்தேன், பழைய ஜரிகைச் சேலையைக் கட்டிப் பார்த்தேன். முதல் வரிசைக்கே கேட்கவில்லை. கதை சொல்லுகிற ஆளாக நடிக்கிற காதர் அண்ணன் மேலப்பாளையத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் சேலை மடித்துப் போட்டு வருகிற கண்ணாடிக் கவர் இருக்கிறதே, அதை அடுக்கடுக்காகப் பாவாடைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். அக்கா ஓரடி வைத்தார், கூடமே திரும்பிப் பார்த்தது. காதர் அண்ணன் எழுந்து வந்து பாவாடை ஓரத்தைக் குனிந்து பார்த்தார். "அல்லாவே, நான் சேலைக்குக் கவர் குடுக்கவன். கவருக்குச் சேலை கட்டுனதை இன்னைக்குத்தான் பாக்கேன்."

மைக் செத்த அன்று

மணிமுத்தாறு பக்கம் ஒரு கொடைக்குப் போயிருந்தோம். ஊமைப் பாதி முடிந்து பேசும்படம் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மழை. மைக் செத்துவிட்டது. பேசும்படத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. கதைப்படி அப்போதுதான் காதர் அண்ணனை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். மனுசன் சந்தோஷமாகத் திரும்பி வந்து மேடை ஓரத்தில் நின்று, "இப்போ கதாநாயகி என்ன சொல்லுதான்னா..." என்று தொடங்கிவிட்டார். வசந்தா அக்கா ஆத்திரம் தாங்காமல், "எனக்கு வாய் இருக்கு வே!" என்று கத்தினார். காதர் அண்ணன் அசரவே இல்லை. "கதாநாயகி தனக்கு வாய் இருக்குன்னு சொல்லுதா!" நாடகத்தில் இல்லாததை எல்லாம் பேசி இரண்டு பேரும் கடைசிவரை சண்டை போட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் நனைந்துகொண்டே வந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, அடுத்த வருசமும் மைக் கொண்டு வராதிய."

இசக்கி வாயைத் திறந்தது

திருநெல்வேலி டவுனில் பெரிய மண்டபம், நல்ல கூட்டம். இசக்கிக்குப் பல் முளைக்கிற நேரம், காலையில் இருந்தே சிணுக்கம். சார் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். சோடா காட்சி வந்தது. பிச்சைக்காரனாக மாறிப் போன ராஜா செத்துக் கிடக்கிறார். வசந்தா அக்கா மாரில் அடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, சத்தமே இல்லாமல் அழுகிறார். மற்ற நாளில் பெட்டிக்குள் உட்கார்ந்து ரஸ்க் தின்கிற இசக்கி அன்றைக்கு எழுந்து நின்றுவிட்டாள். படுதா இடுக்கு வழியாக அக்கா அழுவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒத்திகை முழுக்க அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற அக்கா. இவளுக்கு உதடு பிதுங்கியது. நான் கையில் தலைப்பாகையோடு பாய்ந்தேன். என் கை அவள் வாய்க்குப் போவதற்குள் சத்தம் மேடைக்குப் போய்விட்டது.

மண்டபம் முழுக்க அந்த ஒரே சத்தம்தான். வசந்தா அக்கா மாரில் வைத்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். செத்த ராஜா ஒரு கண்ணைத் திறந்தார். என் வேலை போய்விட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் ஓரத்தில் நின்ற காதர் அண்ணன் சோடா பாட்டிலும் கையுமாக மேடைக்கு ஓடி வந்து கத்தினார். "ஐயாமாரே, அம்மாமாரே! படம் பேச ஆரம்பிச்சிட்டு!"

நான் வாயைத் திறந்தது

கைதட்டல் அடங்கவே இல்லை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதானே? திரை இறங்கியதும் பிள்ளையின் துணிகளைப் பையில் அடுக்கினேன். சார் சிரித்துக்கொண்டே வந்தார். "எங்கம்மா கிளம்புத? இனிமே எல்லா ஊர்லயும் அந்த இடத்துல பிள்ளை அழணும்." அழவில்லை என்றால் என்ன செய்வது என்று வசந்தா அக்கா கேட்டார். "கையில இருக்க ரஸ்க்கைப் பிடுங்கிருவோம். அழுதுரும்லா?" எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை நாள் பிள்ளை அழுதால் வேலை போகும், இனிமேல் அழாவிட்டால் வேலை போகும்!

"மாட்டேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "பிள்ளைய அழ வைக்க மாட்டேன் சார். வேலை போனாலும் சரி." சார் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் அத்தனை வார்த்தை பேசி அவர் கேட்டதே இல்லை. "அந்த அழுகை இல்லன்னா காட்சி சப்புன்னு போயிரும்லாம்மா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். "அழுகைதான வேணும்? நான் அழுதுருதேன்."

அழுது காட்டு என்றார்கள். இத்தனை முகத்துக்கு முன்னால் எனக்கு எப்படி அழுகை வரும்? எல்லோரும் திரும்பி நில்லுங்கள் என்றேன். சார், பால்துரை அண்ணன், காதர் அண்ணன் எல்லோரும் பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றார்கள். நான் உடுப்புப் பெட்டிக்குப் பின்னால் பைய உட்கார்ந்து, பால் ஆறுவதற்குள் இசக்கி எப்படி அழுவாளோ, முதலில் விக்கி, பிறகு இழுத்து, அப்படியே அழுதேன். வசந்தா அக்கா இடுப்பில் இருந்த இசக்கி வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சுவரோரமிருந்து காதர் அண்ணன் குரல்தான் முதலில் வந்தது. "யாராச்சும் அந்தப் பிள்ளையத் தூக்குங்கவே, பாவம்!"

அதற்குப் பிறகு

வீட்டில் பயந்துகொண்டேதான் சொன்னேன், ஊர் ஊராகப் போய்ப் படுதாவுக்குப் பின்னால் பிள்ளை மாதிரி அழப்போகிறேன் என்று. மாமியார் பீடி இலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "இங்கன அழுதா யாரு கை தட்டுதா? அங்கனயே போய் அழு."

ஆக, சத்தம் வரக் கூடாது என்று என்னைச் சேர்த்த இடத்தில் இப்போது என் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று குறை சொல்லுகிறார்கள், அதனால் பிள்ளையோடு இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டு வேலையில் சேருங்கள், ஆனால் பிள்ளை விஷயம் என்று வந்துவிட்டால் யாராக இருந்தாலும் சரி, நேருக்கு நேராக நின்று, இருங்கள், வசந்தா அக்கா கூப்பிடுகிறார், சோடா காட்சி வந்துவிட்டதாம், நான் போய் அழ