ஐந்து டிரஸ்ட்டும் ஒரு வேனும்

தொண்டு செய்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அதுதான் எங்கள் தொழிலில் இருக்கிற பெரிய தொந்தரவு. கெட்டவர்கள் என்றால் ஒரு சண்டை போட்டு முடித்துவிடலாம். ஐந்து நல்லவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, "சேர்ந்து செய்யுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். கல்யாண மண்டபத்தில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் நின்று பந்தி பார்த்தவர்கள் உங்களில் இருந்தால், நான் மேற்கொண்டு எதுவும் விளக்க வேண்டியதில்லை.

தர்மபுரி மாவட்டத்தில் ஐந்து சின்ன டிரஸ்ட்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தன. அதற்கு நான் ஒருங்கிணைப்பாளர். ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, என் சொந்த ஸ்கூட்டர், ஓயாமல் அடிக்கும் ஒரு போன். ஐந்து டிரஸ்ட்டின் பெயரிலும் அன்பு, கருணை, ஒளி என்று ஏதாவது வரும், எனக்கே குழம்பும். அதனால் யாரிடம் என்ன இருக்கிறதோ அதையே பெயராக வைத்துக்கொண்டேன். பொம்மிடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் மாணிக்கத்திடம் ஒரு வேன் இருந்தது. அவர் வேன் டிரஸ்ட். மாரண்டஹள்ளியில் ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டர் ஒருவர் ஸ்டெல்லா என்ற நர்ஸைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அவர் நர்ஸ் டிரஸ்ட். மிச்ச மூன்றும் வீல்சேர் டிரஸ்ட், அரிசி டிரஸ்ட், கண் டிரஸ்ட். ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இல்லை. என்ன பொருத்தம் என்று நம்பித்தான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன்.

வட்டமான பேனர்

முதல் கூட்டத்தில் நாங்கள் பேசியது நோயாளிகளைப் பற்றி என்று நினைத்தால் நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிது. பேனரைப் பற்றிப் பேசினோம். யார் பெயர் முதலில்? வயதில் மூத்தவர் என்றார் ஹெட்மாஸ்டர். பெரிய செலவு செய்தவர் என்றார் மாணிக்கம். முதலில் ஆரம்பித்தவர் என்றார் கண் டிரஸ்ட்காரர். இரண்டு ரவுண்டு டீ ஆயிற்று, வடை ஆயிற்று, பேனர் ஆகவில்லை.

கடைசியில் எனக்கே ஒரு யோசனை தோன்றியது. பெயர்களை வட்டமாகப் போட்டுவிட்டால் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. ஐந்து பேரும் தலையாட்டினார்கள். உலகத்தையே சேர்த்துவைத்த பெருமிதத்தோடு பிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வட்டத்தைப் போட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "வட்டம் சரிங்க மேடம், உச்சியில யாரு பேரப் போடறது?"

மூன்று வீல்சேர்

வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு ஊர். அங்கே மாதையன் என்பவர் புளி உலுக்க மரம் ஏறி, கிளை முறிந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. படுத்தே கிடந்ததில் முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நர்ஸ் வந்து சுத்தம் செய்து கட்டுப்போட வேண்டும், விட்டால் எலும்பு வரைக்கும் போய்விடும், அப்புறம் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் உட்காரவைத்துக் கூட்டிவர முடியாது. எங்கள் கூட்டமைப்புக்கு வந்த முதல் கேஸ் அதுதான்.

நான் போய்ப் பார்ப்பதற்கு முன்பே உதவி போய்ச் சேர்ந்திருந்தது. வீல்சேர் டிரஸ்ட் ஒரு வீல்சேர் கொடுத்திருந்தது. அது தெரியாமல் அரிசி டிரஸ்ட் ஒன்று. இருவரும் கொடுத்துவிட்டார்களே என்று கண் டிரஸ்ட் ஒன்று. மூன்று பேருமே போட்டோ எடுத்திருந்தார்கள். வாசலில் மூன்றும் வரிசையாக நிற்க, ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசலுக்கோ உயரமான நாலு கருங்கல் படி. மாதையனின் மனைவி காவேரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மூணு வண்டி குடுத்தீங்க, வூட்ட வுட்டு எறங்கறதுக்கு ஒரு வழி குடுக்கலையேங்க?"

எந்தப் பக்கக் கதவு

கட்டுப்போட நர்ஸ் வேண்டும். நர்ஸ் போக வேன் வேண்டும். ஸ்டெல்லா சிஸ்டர் மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் தர்மபுரி வந்துவிடுவார், அங்கிருந்து மாணிக்கத்தின் வேன் கூட்டிப்போகும். திங்கள், புதன், வெள்ளி. ஒரு வரியில் முடிகிற ஏற்பாடு. ஆனால் வேனின் மேல் மாணிக்கத்தின் டிரஸ்ட் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. "எங்க நர்ஸ் அந்த வண்டியில போய் எறங்குனா, அவங்க நர்ஸுன்னுதானம்மா ஜனங்க நெனைப்பாங்க?" என்றார் ஹெட்மாஸ்டர். ஒரு வாரம் இதிலேயே போயிற்று. அந்த ஒரு வாரமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் சிஸ்டரைப் பின்னால் உட்காரவைத்துப் போய்வந்தேன்.

பிறகு சமரசம்: வேனின் இடது பக்கம் மாணிக்கம், வலது பக்கம் ஹெட்மாஸ்டர். ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தார். வேனுக்கு ஏறி இறங்கும் கதவு இடது பக்கம்தான். "அப்ப எங்க பேரு வேலிப் பக்கந்தான் தெரியுமா?" என்று முகம் சுருங்கினார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டிரைவர் சேகர் ரொம்பப் பணிவாக என்னிடம் கேட்டான்: "சிஸ்டர வலது பக்கம் ஜன்னல் வழியா எறக்கிரலாமுங்களா மேடம்?"

சிஸ்டர் முகம்

அதற்கப்புறம் இரண்டு மாதம் வண்டி ஓடியது. எனக்கு மட்டும் ஓட்டம் நிற்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை ஆனால் சிஸ்டர் பஸ் ஏறிவிட்டாரா, சேகர் கிளம்பிவிட்டானா, பஞ்சும் மருந்தும் எடுத்தாயிற்றா என்று நாலு போன் போட்டால்தான் எனக்குக் காபி உள்ளே இறங்கும். புண் உள்ளங்கையிலிருந்து பெரிய நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியது. கட்டுப்போட்டு முடித்ததும் சிஸ்டர் அதை எனக்கு விரலால் வளைத்துக் காட்டுவார்.

ஒருநாள் மாதையன் குப்புறப் படுத்தபடியே பேசினார். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மரம் ஏறினால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு ஜோடி கிடையாது என்பார்கள். பரவாயில்லையா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "முதுகுல என்ன நடக்குதுன்னு நானெங்கம்மா பாக்கறது? சிஸ்டர் மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன், இப்பல்லாம் கொஞ்சம் சிரிக்கறாங்க."

விழா

வேலை நன்றாக நடந்தால் என்ன செய்வோம்? விழா எடுப்போம். கூட்டமைப்பின் முதல் வெற்றி என்று ஐவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அவர்கள் எதையும் ஒருமனதாக முடிவு செய்தது அதுதான் முதல் தடவை; நானும் உச்சி குளிர்ந்து போனேன். வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்தில் விழா. புதன்கிழமை வேனில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிப்பு. வெள்ளிக்கிழமை வேனில் நாற்காலி, சாமியானா. ஸ்டெல்லா சிஸ்டர் மேடையில் பொன்னாடைத் தட்டு ஏந்த வேண்டும். இத்தனையையும் அட்டவணை போட்டு, கீழே கையெழுத்துப் போட்டவள் நான். புதன், வெள்ளி என்று என் கையாலேயே எழுதினேன். அந்த இரண்டு நாளும் யாருடைய நாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளி மதியம் ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்து, மாதையனுக்கு நாங்கள் ஐவரும் எப்படி உயிர் கொடுத்தோம் என்று விவரித்துக்கொண்டிருந்தார். மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த எனக்குப் போன் வந்தது. காவேரி. மாதையனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், உடம்பு நடுங்குகிறது, கட்டு ஊறி நாற்றம் அடிக்கிறது. நான் பேச வாய் எடுப்பதற்குள் பின்னால் கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் அவள் சொன்னாள்: "மைக்குல எங்க வூட்டுக்காரர் பேரத்தான் சொல்றாங்க, நல்லாக் கேக்குதுங்க அக்கா. இங்கதான் நாலு நாளா ஒருத்தரும் வரல."

ஐந்து பை பழம்

மேடைக்கு ஏறி சிஸ்டரின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். ஹெட்மாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மைக்குக்குப் பக்கத்தில் நின்று கத்தியதால் மண்டபம் முழுக்க ஞாபகம் வைத்திருக்கிறது. வேனில் மிச்சமிருந்த நாற்காலிகளை சேகர் தெருவிலேயே இறக்கிப்போட்டான். மாதையனைத் தூக்கி வேனில் படுக்கவைத்து ஆஸ்பத்திரி சேர்த்தபோது அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. அழுகிய சதையை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. புண் மறுபடியும் உள்ளங்கை அகலமாயிற்று, இப்போது ஆழமும் சேர்ந்து. பிழைப்பாரா என்று கேட்டேன். மூன்று நாள் போகட்டும் என்றார் டாக்டர்.

அந்த மூன்று நாளும் நான் வராண்டாவில் உட்காரவும் இல்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் இல்லை. என்னை யாராவது திட்டினால் தேவலை போல இருந்தது. காவேரி திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை காய்ச்சல் இறங்கியது. ஐந்து டிரஸ்ட்காரர்களும் வந்தார்கள், பேனர் இல்லாமல், ஆளுக்கு ஒரு பை சாத்துக்குடியோடு. ஹெட்மாஸ்டர் முதல் ஆளாகத் தன் பையை நீட்டினார். வந்த மரியாதைக்கு எழுந்து நின்ற காவேரி, பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆளுக்கொரு பை பழம் வேண்டாமுங்க, ஆளுக்கொரு நாளு குடுங்க."

வியாழக்கிழமைத் தாள்

இனி சில மாதத்துக்கு தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்றிருந்தார் டாக்டர். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள், ஐந்து டிரஸ்ட். சனி, ஞாயிறு காவேரியே செய்வாள். சிஸ்டர் அவளுக்கு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார். யாருடைய நாளோ, வேனுக்கும் நர்ஸுக்கும் மருந்துக்கும் அன்றைக்கு அவரே பொறுப்பு. வேன் யாருடையது என்ற பேச்சே கூடாது என்று அவள் சொன்னாள். நான் மூன்று மாதமாக ஐந்து பேருக்கும் ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்பியதும் கிட்டத்தட்ட அதேதான்.

மாதையன் வீட்டுச் சுவரில் மாணிக்கம் கடையின் தினசரி காலண்டர் தொங்குகிறது. எல்லாரும் காலையில் எழுந்ததும் தாளைக் கிழிப்பார்கள். காவேரி கட்டு மாற்றி முடித்த பிறகுதான் கிழிப்பாள். வியாழக்கிழமை அரிசி டிரஸ்ட்காரரின் நாள். ஒரு வியாழன் அவர் ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். காவேரிக்கு இப்போது என் நம்பர் தேவைப்படுவதில்லை, நேராக அவருக்கே போட்டாள். இலையில் பாயசம் விழுந்த நேரம். பாதியில் எழுந்து கைகழுவி, நர்ஸையும் வேனையும் தேடிப் பிடித்து மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மறுநாள் என்னிடம் நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அந்தம்மா கோவமாக் கூடப் பேசலீங்க, 'வியாழக்கெழம இன்னும் கிழிக்கல'ன்னு மட்டுந்தான் சொல்லுச்சு, எனக்குப் பாயசம் கசந்துருச்சு."

பேனரின் உபயோகம்

புண் ஆற ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் படிக்கட்டின் மேல் ஒரு சரிவுப் பாதை வந்திருந்தது. சேகரும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் கல் போட்டார்கள். ஹெட்மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிமெண்ட் குழைத்தார். ரிப்பன் வெட்டலாமா என்று யாரோ இழுத்தார்கள். நான் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அடங்கியது.

போன வாரம் போனபோது மாதையன் வீல்சேரில் வாசலுக்கு வந்திருந்தார். தரையில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. கையில் நீளமாக ஒரு குச்சி. கோழி விரட்டுவது அவர் வேலை. கேழ்வரகுக்கு அடியில் விரித்திருந்தது எங்கள் வட்டப் பேனர். என்னோடு வந்த மாணிக்கத்துக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சுற்றிச்சுற்றி வந்து, குனிந்து, தன் பெயர் எந்த மூலையில் மறைந்திருக்கிறது என்று தேடினார். மாதையன் குச்சியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சித்த பொறுங்க, தானியம் காஞ்சு அள்ளுனா எல்லாரு பேரும் தெரியும்."

விசிட்டிங் கார்டில் ஒருங்கிணைப்பாளர் என்று இன்னமும் என் பெயர்தான் இருக்கிறது, ஆனால் இப்போது பட்டியலில் இருக்கும் ஆறு நோயாளிகளுக்கும் நாள் பிரித்து விசாரிப்பது காவேரிதான்; ஆறு வீட்டிலும் அன்றைய தாள் கிழிந்துவிட்டதா என்று அவளிடம் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.