குழந்தை கைமாறிய நிறுத்தம்

நண்பரே, நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர வேறொன்றும் இதில் எழுதப்போவதில்லை. காகிதத்தில் இருந்ததே உண்மை என்று நம்பி ஒருத்திக்குத் தீங்கு செய்தவன் நான். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

நேற்று ஒரகடம் செல்லும் பேருந்தில், முன்னிருக்கைக் குழந்தையிடமிருந்து பவுடர் மணம் வந்தது. கூடவே யாருடைய சீருடையிலிருந்தோ இயந்திர எண்ணெயின் வாடை. இரண்டும் கலந்தால் எனக்கு மண்ணூர்ப் பக்கத்து நிறுத்தம் ஒன்று நினைவுக்கு வந்துவிடும்.

அந்நாளில் ஒரு தொழிற்சாலையின் போக்குவரத்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தொழிலாளர் வாழ்வைச் செம்மைப்படுத்த வந்தவன் என்ற நினைப்பு வேறு. மதிய ஷிப்டுக்கு வரும் பெண்கள் வெயிலில் காத்து நிற்பதைக் காணப் பொறுக்காமல், கம்பெனி வண்டியைப் பத்து நிமிடம் முன்னதாக வரச் செய்தேன். ஒரு நிழற்கூரை போட்டுத் தந்திருக்கலாம்; அது ஏனோ தோன்றவில்லை.

அன்றுமுதல், என் புதிய அட்டவணைப்படி பார்த்தால், வண்டி தொழிற்சாலைக்குத் தாமதமாகவே வந்தது. ஓட்டுநர் ஏழுமலையைக் கடிந்துகொண்டேன். மூன்றாம் நாள் நானே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். நிறுத்தத்தில் ரோஸி என்னும் எங்கள் ஒப்பந்தத் தொழிலாளி, இடுப்பில் குழந்தையோடு நின்றாள், ஏறவில்லை.

"ஏறும்மா, டைம் ஆச்சு."

"பக்கத்து வூட்டு மேகலாக்கா இன்னும் வர்ல சார். புள்ளைய யார்கிட்ட குடுக்கறது? நீங்க வச்சிக்கிறீங்களா?"

"குட்றி, சாருக்கு ஆபீஸ்ல இன்னா வேலை கீது!" என்றது உள்ளிருந்து ஒரு குரல். வண்டியே சிரித்தது.

ஏழுமலை சிரிக்கவில்லை. "அந்தக்கா வேற கம்பெனி சார். காலை ஷிப்டு முடிஞ்சி இங்க எறங்கும், புள்ளைய வாங்கிக்கும், இது ஏறும். அதுக்குத்தான் தெனம் நின்னுகினு இருந்தேன்."

எனக்கு விளங்கிற்று. விளங்கியும், அத்தனை பேர் முன்னிலையில் என் அட்டவணையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "வண்டிய எடுங்க" என்றேன். அடுத்த வளைவிலேயே மேகலாவின் வண்டி எதிரே வந்து எங்களைக் கடந்து போயிற்று.

பழைய நேரத்துக்கே திரும்ப மேலிடத்தின் ஒப்புதல் பெற ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள், வேலைக்கு வரவில்லை என்று ஒப்பந்தக்காரர் ரோஸியின் பெயரை நீக்கிவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் இரண்டு வீடுகள் தங்கள் நாளை அமைத்திருந்தன. அட்டவணை வகுக்க வந்த நான் அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்று சாலை அகன்றுவிட்டது. அந்த நிறுத்தம் இல்லை. வண்டிகள் தொழிலாளர் விடுதி வாசலுக்கே போகின்றன.

ரோஸி பிறகு வேறு வேலைக்குப் போனாளா என்பது எனக்குத் தெரியாது. குழந்தையின் பெயரும் தெரியாது.