தொப்புள்கொடி விழுந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை

எனக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி. இன்றும் பால் பாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பித் தேதி பார்க்காமல் வாங்க மாட்டேன். அந்தப் புத்தியை நம்பி ஏழு வயதில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு.

தம்பி பிறந்தது சிதம்பரத்தில். அம்மாவைப் பெற்றவர்கள் இல்லாததால் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். அப்பாவுக்குக் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, தம்பியைத் தூக்காமல் பார்த்துவிட்டு மட்டும் போவார்.

பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. என் துப்பறிதல் அங்கிருந்துதான் தொடங்கியது. தங்கச்சி பிள்ளைக்காக யாராவது ஆபீசுக்கு இரண்டு மாதம் லீவு போடுவார்களா? ஒரு மாதத்தில் ஊருக்குப் போகிற பிள்ளைக்கு எதற்குத் தேக்குத் தொட்டில்? தம்பியைப் பெரியம்மா மடியில் வைத்துக் கொஞ்சும்போதெல்லாம் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். கேட்டால், "ஒடம்பு வலிடி" என்றார். நான் நம்பவில்லை.

ஒரு புதன்கிழமை, கடையிலிருந்த பெரியப்பாவிடம் பெரியம்மா போனில் பேசியது காதில் விழுந்தது.

"கொடி விழுந்துடுச்சிங்க. வெள்ளிக்கிழம தலமுழுவிடலாம்."

தலைமுழுகுவது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். சித்தப்பாவோடு சண்டை வந்தபோது, "அவன நான் தலமுழுவிட்டேன்" என்று அப்பா சொன்னார். அதோடு சித்தப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. குளிப்பதை நாங்கள் 'தலைக்கு ஊத்துறது' என்போம். ஆகவே வெள்ளிக்கிழமை என் அம்மா தம்பியைத் தலைமுழுகப் போகிறார், பெரியம்மா வைத்துக்கொள்ளப் போகிறார் என்று முடிவுகட்டினேன். அதுவரை எனக்கு அவனைப் பிடிக்காது. போகப்போகிறான் என்றதும் பிடித்துவிட்டது. இரண்டு நாளும் அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியம்மா செய்த ஒவ்வொன்றிலும் எனக்குச் சூது தெரிந்தது. ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். துண்டு, சட்டை, துணி எல்லாவற்றையும் ஊருக்குக் கிளம்புகிறவர் மாதிரி முன்கூட்டியே எடுத்து வரிசையாக வைத்தார். பக்கத்து வீட்டு அம்மா வந்து, "மூக்க ஊதி, காதுல எண்ண வுட்டு நான் ஊத்துறேன்" என்றார்.

"அதெல்லாம் கூடாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. நான் பாத்துக்கிறேன்" என்று பெரியம்மா அவரை அனுப்பிக் கதவையும் சாத்திவிட்டார். சாட்சியைக் கிளப்பிவிட்டார் என்று நான் புரிந்துகொண்டேன்.

பேசினில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர், பிறகு முழங்கையை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து, மறுபடி முழங்கை. இடது கையைத் தம்பியின் கழுத்துக்கு அடியில் கொடுத்து மெல்ல இறக்கினார். ஈரத்துணியால் துடைத்தாலே கத்தி ஊரைக் கூட்டுகிற பயல், அன்று அழவில்லை. அவனையும் கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டார்.

தலைக்கு ஊற்ற மக்கைத் தூக்கியதும் பாய்ந்துபோய்ப் பெரியம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தலமுழுவாதீங்க பெரியம்மா. அவன் எங்க தம்பி. எங்களோட கடலூருக்கு வரணும்."

மக்கு விழுந்து தரையெல்லாம் தண்ணீர். தம்பியின் கழுத்தைத் தாங்கியிருந்த கை மட்டும் அசையவில்லை. கட்டிலில் இருந்த அம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. பெரியம்மா அம்மாவையே சற்று நேரம் பார்த்தார்.

"தலமுழுவுறதுன்னா தலைக்குத் தண்ணி ஊத்துறதுதாண்டி, லூசு" என்றார் என்னிடம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவசரமே இல்லாமல் குளிப்பாட்டி முடித்தார். கழுத்து மடிப்பு, அக்குள் எல்லாம் ஒற்றித் துடைத்தார். வழக்கமாகத் தன் மடியில் போட்டுக்கொள்கிறவர், அன்று நேரே கட்டிலுக்குப் போனார். "புடி, ஒம் புள்ளைய" என்று அம்மா மடியில் வைத்தார்.

அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே தம்பியைப் பெரியம்மாவுக்குத் தருவதாகப் பேசி வைத்திருந்தார்கள். என் மகள் பிறந்த வருஷம்தான் அம்மா இதை என்னிடம் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு அசடு வழிந்தது மட்டும்தான்.

அதனால் சாயங்காலம் பெரியப்பா கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்னாச்சி?" என்று கேட்டபோது நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"தலமுழுவிட்டேங்க" என்றார் பெரியம்மா.

புது அர்த்தம் கற்ற தெம்பு எனக்கு. "நீங்க எங்க முழுவுனீங்க பெரியம்மா? பாப்பாதான முழுவுச்சி" என்று திருத்தினேன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. பெரியம்மா, "ஆமாண்டி, பாப்பாதான்" என்று சொல்லிவிட்டு, காய்ந்தே கிடந்த தரையைத் துடைக்கக் குனிந்தார்.