சிமெண்டுத் தரைக்குக் கூடுதல் வாடகை

வாடகை ஏற்றிய மாதம் வசூலுக்குப் போவதைப் போல் கேடுகெட்ட வேலை வேறு கிடையாது. பேகம்பூர்ப் பக்கம் சர்க்கார் மானியத்தில் கட்டிய லைன் வீடுகளுக்கு நான்தான் வசூல் குமாஸ்தா. அறுபதுகளின் தொடக்கம் அது. மண் தரை மேல் சிமெண்டு போட்டார்கள். வீட்டுக்கு ஒரு பல்பு மாட்டினார்கள். மூன்று ரூபாய் வாடகை ஐந்து ரூபாய் ஆனது. ஏற்றியவர்கள் ஆபீஸில் காற்றாடிக்குக் கீழே இருந்தார்கள். திட்டு வாங்க நான் போனேன்.

கடைசி வீட்டில் சலீமா பாயம்மா. புருஷன் இல்லை, அந்த லைனில் எல்லாரையும் போல வீட்டிலேயே சுருட்டுச் சுற்றி இரண்டு பெண்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் போனபோது கடப்பாரையால் மூலையில் புதுத் தரையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாயம்மா இது! தரையச் சேதம் பண்ணினா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க, தெரியுமில்ல?"

"காலி பண்ணிட்டு எங்க போறது தம்பி? ஆனா இந்தத் தரையில பொகையில நிக்க மாட்டேங்குதே! மண்ணுல தண்ணி தெளிச்சு வச்சா பதமா இருக்கும். சிமெண்டுல செத்த நேரத்துல காஞ்சு நொறுங்குது. இம்புட்டு வேல செஞ்சீகளே, எங்கள ஒரு வார்த்த கேட்டீகளா?"

நான் வசூல் நோட்டை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் எங்கள் ஆபீஸ் செக்ரட்டரி இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். உடைத்த தரை அவர் கண்ணில் பட்டால் அந்தக் குடும்பம் தெருவில்தான். அவர் பின்னால் போனேன். முதல் வீட்டில் மூலையில் பாய் விரித்திருந்தது. அடுத்த வீட்டிலும் அதே மூலையில் பாய். அடப்பாவமே, லைன் முழுக்க உடைத்திருக்கிறார்கள்! கடைசி வீட்டில் பாயம்மா பாய்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

செக்ரட்டரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "பாருய்யா, எல்லா வீட்லயும் ஒரே மாதிரி பாய் போட்டு எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்காங்க! வசதி செஞ்சு குடுத்தா ஜனங்க தானா திருந்திருவாங்க."

"ஆமாங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வீடு தப்பியது. வாடகை குறையவில்லை. அடுத்த மாதம் பாயம்மா ஐந்து ரூபாயை என் கையில் வைத்தார்.

"இந்தா தம்பி, நீங்க போட்ட சிமெண்டுக்கு வாடகை. நான் ஒக்காந்து பொழைக்கிற மண்ணுக்கு எம்புட்டுன்னு கேட்டுட்டு வா."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு வீட்டில் எதை மாற்றுவதற்கு முன்னாலும், அங்கே இருப்பவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் ரிட்டயர் ஆவதற்குள் அந்த வீடுகளுக்கு இன்னும் இரண்டு தடவை வாடகை ஏறியது. பாயைத் தூக்கிப் பார்க்க ஒருவரும் வரவில்லை.