முப்பது தலைமுறையும் என் கால்விரலும்

என் வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரலைச் செருப்பு வார் கடித்துப் புண்ணாக்கிவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு, ஆறவில்லை. தேனியில் நான் பார்த்த டாக்டர், "நாலு வாரம் பாப்போம்மா. சுருங்குனா சரி, விரிஞ்சா விரலை எடுத்துருவோம்" என்றார், முருங்கைக்காயை நறுக்கச் சொல்வது மாதிரி. அது மெட்டி போட்டிருந்த விரல். வீட்டுக்காரர் போனதும் மெட்டியைக் கழற்றினேன். விரலையும் கழற்றிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

என் மருமகன் இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் வாத்தியார். மேல்படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். புண்ணைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் எது புண், எது நல்ல தோல் என்று கம்ப்யூட்டரே கோடு போட்டுப் பிரித்து அளவு சொல்ல வேண்டும். அதுதான் அவர் ஆராய்ச்சி. என் காலைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம், என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட வரவில்லை.

ஞாயிறு தவறாமல் எங்கள் ஊர் ஜெயமங்கலத்துக்குக் கேமராவோடு வந்துவிடுவார்.

"புண்ணு எதுன்னு கம்ப்யூட்டருக்கு எப்பிடி மாப்ள தெரியும்?"

"நூறு சூத்திரத்தைக் கண்டபடி உண்டாக்கி விடுவேன் அத்தை. ஒவ்வொண்ணும் அதும்பாட்டுக்குக் கோடு போடும். டாக்டர் கையால போட்டுக் கொடுத்த கோட்டுக்குக் கிட்ட வர்றதை வச்சுக்கிட்டு, மத்ததைத் தள்ளிருவேன். வச்சுக்கிட்டதுல ரெண்டை வெட்டி, இதுல பாதி அதுல பாதி ஒட்டுனா குட்டி. முப்பது தலைமுறை ஆச்சு."

"கெடா சேக்குறதைச் சொல்றீக. இதுக்கு எதுக்குக் காலேஜு?"

அவர் சிரிக்கவில்லை. முப்பது தலைமுறையையும் அவரே பெற்ற களைப்பு.

என்னிடமும் ஒரு அளவு இருந்தது. கட்டுப் பிரிக்கும்போது புண்ணுக்கு நேராகப் பயற்றைப் பிடித்துப் பார்ப்பேன். முதல் வாரம் மொச்சை, இரண்டாம் வாரம் தட்டைப்பயறு. நடுவில் ஆடி பிறந்தது. உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று மருதாணி அரைத்து, புண் விரலை மட்டும் விட்டு, மற்ற நாலு விரலுக்கும் தொப்பி வைத்தேன். மகள் திட்டினாள். செக்கச்செவேல் என்று பிடித்தது.

அந்த ஞாயிறு மாப்பிள்ளை படம் எடுத்துப்போய், மறுநாள் போன் செய்தார்.

"அத்தை, புண்ணு நாலு மடங்கு ஆயிருச்சு."

"எங்கன?"

"கம்ப்யூட்டர்ல."

"என் காலுல சின்னதால்ல இருக்கு."

"கண்ணு ஏமாத்தும் அத்தை."

படம் எடுத்தவர் அவர்தான். மருதாணி கண்ணில் படவில்லையா என்று கேட்காதீர்கள். காலைப் பார்ப்பதெல்லாம் படிக்காதவர்கள் வேலை. படித்தவர்கள் காலின் படத்தைக்கூடப் பார்ப்பதில்லை, அதிலிருந்து வரும் நம்பரைத்தான் பார்க்கிறார்கள்.

நாலாம் வாரம் டாக்டரிடம் போனோம். மாப்பிள்ளை நீட்டிய காகிதத்தில் புண்ணின் அளவைக் காட்டும் கோடு மேலே ஏறியிருந்தது. டாக்டர் அதையே பார்த்தார். என் கால் அவர் மேஜைக்கு அந்தப் பக்கம், கட்டுக்குள் இருந்தது.

"திங்கக்கிழமை எடுத்துருவோம்."

நான் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"எடுங்கய்யா. அதுக்கு முன்னாடி, எதெது புண்ணுன்னு கம்ப்யூட்டரு கோடு போட்டிருக்குன்னு ஒருக்கா காட்டச் சொல்லுங்க."

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தார். என் கால் படத்தில் அஞ்சு பச்சை வட்டம். புண்ணில் ஒன்று, பயறு அளவு. மருதாணி வைத்த நாலு நகத்திலும் நாலு பெரிய வட்டம்.

"அஞ்சையும் எடுத்துருங்கய்யா. செருப்பு வாரு கடிக்க எடமே இருக்காது."

நானே கட்டைப் பிரித்தேன். அப்போதுதான் டாக்டர் குனிந்து பார்த்தார். பாசிப்பயறு அளவு இருந்தது.

"ஆறிக்கிட்டு வருதே" என்றார், அவரே ஆற்றியது போல.

"முப்பது தலைமுறையில ஒண்ணு கூடவா மாப்ள மருதாணியப் பாக்கல?"

"கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்குன படமெல்லாம் ஆஸ்பத்திரிக் காலு அத்தை. யாரும் மருதாணி வச்சிருக்கல."

"ஆடி மாசமே வராத ஊருல பெறந்த குட்டிக போல."

பஸ்ஸில் திரும்பும்போது மெல்லச் சொன்னார்: "அத்தை, ஆராய்ச்சி முடியற வரைக்கும் மருதாணி வேண்டாமே."

விரல் முழுசாக ஆறியது. அதற்குப் பிறகு வந்த ஆடியெல்லாம் அந்த ஒரு விரலுக்கு மட்டும் தொப்பி கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை சாப்பிட உட்காரும்போது எதிரே உட்கார்ந்து காலை நீட்டுவேன். அவர் கண்ணைக் குழம்பிலேயே வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.