வராதவர்கள் பட்டியல்

வரலக்ஷ்மி தூத்துக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக அட்மிஷன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தயாரித்த பட்டியல் என்றால் முதல்வர் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார். மில்லர்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிடுவாள். லீவு எடுப்பது ஸ்ரீவைகுண்டத்தில் கருட சேவை அன்று மட்டும்தான்.

இந்த வருடம் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐந்து வருட அட்மிஷன் விவரம் முழுவதையும் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்ற வேண்டும். யார் விண்ணப்பித்தார்கள், என்ன மதிப்பெண், யாருக்கு இடம் கிடைத்தது, இடம் கிடைத்தும் சேராதவர்கள் ஏன் சேரவில்லை, எல்லாம் வேண்டும். அலுவலகமே முணுமுணுத்தது. வரலக்ஷ்மி மட்டும், "பார்த்தா பார்க்கட்டும். நமக்கு ஒளிக்க என்ன இருக்கு?" என்றாள்.

பழைய விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாக எடுத்து, கம்ப்யூட்டரில் இருந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். நான்கு வருடத்துக்கு முந்தைய கட்டில் ஜெஸ்லின் என்ற பெண்ணின் விண்ணப்பம் இருந்தது. ஊர் திரேஸ்புரம், அப்பா மரியான், தொழில் மீன்பிடி. வேதியியலுக்கான தரவரிசையில் நான்காவது பெயர். 'இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை' என்று குறித்து, அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்திருந்தார்கள். விண்ணப்பத்தில் போன் எண் எழுபத்தொன்றில் முடிந்தது. கம்ப்யூட்டரில் பதினேழு என்று இருந்தது. பதிவு செய்தவர் என்ற இடத்தில் வரலக்ஷ்மியின் பெயர்.

கண்காணிப்பாளர் சுந்தர்சிங்கிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மத்தவங்களுக்கெல்லாம் விருப்பமில்லைன்னு தானே போட்டிருக்கோம். இதுக்கும் அதையே போட்டிருங்க மேடம். யாரு வந்து கேக்கப்போறா?"

வரலக்ஷ்மி தன் மேஜைக்குத் திரும்பினாள். விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். "இது அப்பா நம்பர். நான் ஜெஸ்லின்தான் பேசுதேன்." போனில் சொல்ல வரலக்ஷ்மிக்கு மனம் வரவில்லை. நேரில் வருவதாக மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் திரேஸ்புரத்துக்குப் போனபோது ஜெஸ்லின் இறால் உரிக்கும் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மரியானின் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. அம்மா ஆக்னஸ் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வரலக்ஷ்மி உட்காராமலே நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

ஜெஸ்லின் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் காலேஜுக்கே வந்து கேட்டேன் மேடம். ரெண்டு தடவை கூப்பிட்டோம், எடுக்கலைன்னாங்க."

"சொன்னது நான்தாம்மா."

"படிச்சது போதும்னு அப்பா அதுக்கு முந்தின வாரம் சொல்லியிருந்தாவ. அதான், போன் வந்தத அவியதான் மறைச்சிட்டாவன்னு சண்ட போட்டேன். மாதா மேல சத்தியமா ஒரு போனும் வரலன்னாவ. நான் நம்பல." கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் அவிய கூட பேசவே இல்ல. போன வருசம் வள்ளத்துல நெஞ்சு வலி வந்து, கரை சேர்றதுக்குள்ள போயிட்டாவ."

ஆக்னஸ் உள்ளே எழுந்து போனாள்.

இந்த வருடமே சேரலாம், வயது தடையில்லை என்றும், விண்ணப்பத்தைத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதாகவும் வரலக்ஷ்மி சொன்னாள். அந்தப் பெண் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அப்பாவுக்குப் போன் வரலன்னு ஒரு தாள்ல எழுதித் தருவியளா மேடம்?"

வரலக்ஷ்மி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் அரசாங்கத்துக்கான படிவத்தில் காரணம் கேட்ட இடத்தில், 'அலுவலகத்தில் தொலைபேசி எண் தவறாகப் பதிவானது. மாணவி மீது தவறில்லை' என்று நிரப்பினாள். முதல்வர் கூப்பிட்டு விட்டார். "இருபத்தாறு வருஷத்துல ஒண்ணு. இதைப் போய் ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்றார். அவள் மாற்ற மறுத்தாள். மெமோ வந்தது. ஒரு வாரத்தில் அவளை நூலகத்துக்கு மாற்றினார்கள். விவரம் இணையதளத்தில் ஏறியது. அந்த வரியைப் பற்றி எங்கிருந்தும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் அன்று, ஆக்னஸ் போன் செய்தாள்.

"புள்ள கல்லறைத் தோட்டத்துல நின்னு அந்தத் தாள அவ அப்பாவுக்கு வாசிச்சிச்சும்மா. வந்ததுல இருந்து ஒண்ணும் சாப்பிடல. அதான், ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

கணவர் ரங்கநாத் யார் போனில் என்று கேட்டார். "காலேஜ் விஷயம்" என்றாள் வரலக்ஷ்மி.