இமையோரத்து மஞ்சு

கொடைக்கானல் மேல்மலையில், போளூர்ப் பாதையில் ஒரு நாள் காலை நான் ஃபாக் லைட்டைப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

"எதுக்குங்க லைட்டு? வெயிலு சுள்ளுன்னு அடிக்குது."

"மஞ்சு கெடக்குல்ல."

"எங்க கெடக்கு?"

எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேரட்டும் பூண்டும் ஏற்றிக் கொடைக்கானல் மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன் நான். எனக்குத் தெரியாத மஞ்சா? கண்ணைக் கொட்டினேன். எதிரே பளிச்சென்று வெயில்.

எங்கள் மலையில் மஞ்சு, அதாவது மூடுபனி, அப்படித்தான். ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. அதனால் கொஞ்ச நாளாகக் கண்முன்னால் வெள்ளையாக வந்து வந்து போனதை மஞ்சு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கீழே சமவெளியில் இருக்கிறவன் என்றால் முதல் நாளே டாக்டரிடம் ஓடியிருப்பான். இமை அரித்தது, விடிந்தால் பீளை ஒட்டியது. அதற்கெல்லாம் பூண்டுச் சருகுதான் காரணம் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஜலதோஷத்துக்குத் தடவும் யூகலிப்டஸ் தைலத்தை இமையோரம் தடவிப் பார்த்து, நான் துள்ளிய துள்ளலில் வீடே கூடிவிட்டது.

"கண்ணக் காட்டாம இனி நீங்க ஸ்டீரிங்கத் தொடக் கூடாதுங்க" என்றாள் மனைவி. அப்போதுதான் பயம் வந்தது. வண்டியை விட்டால் எனக்கு வேறு சோலி தெரியாது.

திண்டுக்கல்லில் கண் டாக்டரம்மா என் இமைமுடி ஒன்றைப் பிடுங்கி, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார்.

முடியின் அடியில் ஒட்டிக்கொண்டு நீளமாக ஒன்று. முன்பக்கத்தில் மட்டும் குட்டைக் கால்கள், எட்டு என்றார். அதில் ஒன்று அசைந்தது. என் முகத்தில், எனக்கே தெரியாமல், இப்படி ஒரு குடித்தனம்!

"பேனாங்க?"

"இல்ல, உண்ணி இனம். வயசு கூடக் கூட அநேகமா எல்லாருக்கும் இருக்கும். அளவா இருந்தா ஒண்ணும் பண்ணாது. உங்களுக்குப் பெருகிப்போய் இமையோரம் வீங்கியிருக்கு. கண்ணீர் சரியாப் பரவல. அதான் பார்வை மங்குது, கொட்டுனா தெளியுது."

"பகல்ல என்னங்க பண்ணும்?"

"முடிக்குழிக்குள்ள இருக்கும். வெளிச்சம் ஆகாது. நீங்க தூங்குனதும் வெளிய வந்து நடக்கும்."

பயம் பாதி போய் வேடிக்கை பிடித்துக்கொண்டது. எவ்வளவு தூரம் நடக்கும்? வலது கண்ணிலிருந்து இடது கண்ணுக்குப் போக மூக்கை ஏறி இறங்க வேண்டுமே, வழியில் இளைப்பாறுமா? என் மனைவியின் இமையையும் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவளுக்கும் இருந்தது, கொஞ்சமாக. "ஒங்ககிட்டருந்துதான் வந்திருக்கும்" என்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா கொடுத்த மருந்துத்துணியால் தினமும் இமையைத் துடைத்தேன். பார்வை தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். மச்சினன் ஓட்டினான். அவன் கியர் மாற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அரிப்பு நின்றது, பீளை குறைந்தது. டாக்டரம்மா மறுபடி பார்த்துவிட்டு, ஓட்டலாம் என்றார்.

முதல் நாளே, பாதி வழியில், கண்முன்னால் வெள்ளையாக இறங்கியது. கண்ணைக் கொட்டினேன். போகவில்லை. மறுபடியும் கொட்டினேன். அப்படியே நின்றது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த மனைவியிடம் திரும்பினேன்.

"ஏ புள்ள, முன்னாடி என்ன தெரியுது?"

"என்னத்தத் தெரியும்? ஒண்ணுந் தெரியல. மஞ்சு அப்புடிக் கெடக்கு."

"நெசமாவா?"

"ரோடே தெரியலங்க!"

அவளுக்கும் தெரியவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு ஃபாக் லைட்டைப் போட்டேன். இந்த முறை அவள் கையைத் தட்டிவிடவில்லை.